இருநூறு போத்தல்கள்

விளக்கமறியல், புத்தளம்
2026.01.09

லோறன்ஸுக்கு,

நீ சுகமா என்று கேட்டுத் தொடங்கினால் அது பச்சைப் பொய். உன்னை இரும்புக் குழாயால் அடித்தவனே நான்தான். அடித்ததற்காகத்தான் ஐந்து கிழமையாக இங்கே எண்பது பேரோடு ஒரே கூடத்தில் கிடக்கிறேன். உனக்கு ஒரு வரியும் எழுதக் கூடாது என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். ஆகையால் நாளைக்கு வெளியே போகும் கற்பிட்டி ஆள் ஒருவரிடம் இதை ஒளித்துக் கொடுத்துவிடுகிறேன்.

நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். மீன் வளர்த்தது நான். உப்பு லொறி ஓட்டின காலத்திலேயே ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு ஜாம் போத்தலில் நீல பைட்டர் மீன் ஒன்று என்னோடு கொழும்புக்குப் போய் வரும். மற்ற டிரைவர்மார் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். வீட்டில் நாற்பது போத்தல் இருந்தது. பைட்டரில் ஆணை ஆணோடு விட்டால் ஒன்றையொன்று கிழித்துக் கொன்றுவிடும், ஆகவே ஒரு மீனுக்கு ஒரு போத்தல். தண்ணீரில் போடக் காய்ந்த கொட்டம்பா இலை ஒன்று, காலையில் இரைக்கு நாலு நுளம்புக் குடம்பி, அவ்வளவுதான் அதற்கு வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் அந்த நாற்பது போத்தலால் எனக்கு ஒருவரோடும் சண்டை வந்ததில்லை.

"நானா, இதக் கடையாப் போடுவம், ஆலங்குடா ஹோட்டல்காரர் எல்லாம் வாங்குவினம்" என்றது, அண்ணன் முறையில் என்னை நானா என்று கூப்பிட்ட நீ. வள்ளத்து எஞ்சின் திருத்துகிற நீ சொன்னதைக் கேட்டு நான் லொறியை விட்டேன். பாலாவியில் என் வீட்டு முன்னறையை உடைத்துக் கடையாக்கினோம். நாற்பது போத்தல் இருநூறாயிற்று. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன், நீ என்னுடைய இரண்டு நீல ஆண்களை ஒரே தொட்டியில் விட்டுச் சனத்தைக் கூட்டி வேடிக்கை காட்டிக்கொண்டிருக்கிறாய். ஒன்றுக்கு வால் இல்லை. மற்றதற்கு ஒரு கண் இல்லை. நான் உன்னை அறைந்தேன். அறையாமல் மாலையா போடுவார்கள்?

படி இறங்கும்போது நீ சொன்னதை எதிர்த் தேத்தண்ணிக் கடைச் சிவகுரு கேட்டிருக்கிறார். "இந்தக் கடையில ஒரு மீனும் மிஞ்சாது" என்றாய். பிறகு வெள்ளம் வந்தது. எலுவன்குளத்தில் என் மனைவி சிபானாவின் உம்மா வீட்டுக்குள் ஏறிய தண்ணீர் வடியாததால் அவர்களை ஏற்றிவர நானும் அவளும் கடையைப் பூட்டிவிட்டுப் போனோம். இரண்டு நாள் கழித்துத் திறக்கிறேன், இருநூறு போத்தலிலும் மீன் வயிறு மேலே கிடக்கிறது. மூக்கை எரிக்கிற மருந்து வாடை. நீ வாளியோடு பின்பக்கத்தால் போனதைச் சிவகுரு கண்டிருக்கிறார்.

செய்தேன் என்று ஒரு வரி எழுது. உன் கையெழுத்தில் எழுது. வேறொன்றும் நான் கேட்கவில்லை.

இஸ்ஹாக்

•

ஆலங்குடா
2026.01.20

இஸ்ஹாக்,

என் கையெழுத்தில் கேட்டிருக்கிறாய். இது இடக்கை. நண்டு ஊர்ந்த மாதிரித்தான் இருக்கும். வலக்கையில் இரண்டு விரலை வைத்தியசாலையில் எடுத்துவிட்டார்கள். மற்ற மூன்றும் மடங்காது. தலையில் பதினேழு தையல். சட்டைக்குப் பொத்தான் பூட்டிவிடுவது என் மனைவி நிசாந்தி. எஞ்சின் கயிற்றை இழுக்கக் கை இல்லாத மெக்கானிக்கிடம் எந்த வள்ளச் சம்மாட்டி வருவான்?

நான் பாலாவிப் பக்கமே வரவில்லை என்று பொலிசில் சொல்லியிருக்கிறேன். உனக்கும் அதுதான் பதில்.

மன்னித்துவிடு என்கிறார் பாதர். மன்னிக்க மாட்டேன். உன் முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம் அந்தத் தாடையை உடைத்துப் பல்லை ஒவ்வொன்றாக மணலில் பொறுக்க வேண்டும் போலிருக்கிறது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். உன் கை என்னை அணைக்க வந்தால் அதை வெட்டுவேன்.

இதைத் தபாலில் போடுகிறேன். யார் வாசித்தாலும் எனக்கென்ன. இனி எழுதாதே. உன் கடிதத்தை நிசாந்தியின் தமையன் தவச்செல்வன் பிடுங்கி வாசித்துவிட்டான். அவன் என்னைப்போல் இருந்து யோசிக்கிறவன் இல்லை.

லோறன்ஸ்

•

விளக்கமறியல், புத்தளம்
2026.02.02

லோறன்ஸ்,

உன் மச்சான் யோசிக்காதவன் என்பதை நேரே கண்டுகொண்டோம். நாலு பேரோடு என் கடைக்குள் புகுந்து மிச்சமிருந்த கண்ணாடித் தொட்டி பதினொன்றையும் கோடரிப் பிடியால் உடைத்திருக்கிறான். சிபானா வாசலை மறித்து நின்றாள். பறந்த கண்ணாடி அவள் நெற்றியைக் கிழித்துவிட்டது. என்னைப் பார்க்க வந்தபோது பர்தாவை இழுத்து இழுத்து மூடினாள். கிணற்றடியில் வழுக்கியது என்றாள். மூன்று தரம் கேட்ட பிறகுதான் சொன்னாள்.

கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்கிறவனின் நிலை உனக்கு விளங்காது. கூடத்துக்குத் திரும்பியபோது ஒருத்தன் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தான். அவன் மூக்கை உடைத்தேன். அவனுடைய ஆட்கள் என்னைச் சுவரோடு சாத்தி உதைத்தார்கள். உனக்குச் சந்தோஷமான செய்தி: கீழ்ப்பல் ஒன்று போய்விட்டது. நீ பொறுக்கத் தேவையில்லை.

தவச்செல்வனிடம் சொல். நான் ஒருநாள் வெளியே வருவேன். கரையில் இருக்கும் அவன் மீன்வாடிக்குத்தான் முதலில் வருவேன். அவனை வள்ளத்துக்கு அடியில் போட்டு ஏற்றாவிட்டால் நான் என் வாப்பாவுக்குப் பிறக்கவில்லை.

இதை எழுதிவிட்டு ஒரு நாள் வைத்திருந்தேன். கிழிக்கவில்லை. ஆனால் இன்னொன்றையும் எழுத வேண்டும். எங்கள் பக்கத்துப் பெடியன்கள் சிபானாவிடம் வந்து உடைத்தவர்களின் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு வான் வண்டியில் ஏறி ஆலங்குடாவுக்கு வரத் தயாராம். உங்கள் பக்கத்திலும் அப்படிச் சிலர் இருப்பார்கள். இதை வேறு சண்டையாக்க இரண்டு பக்கத்திலும் ஆள் காத்திருக்கிறது. சிபானா பெயர் சொல்லவில்லை. நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். அவளுக்கு இருக்கிற மூளை எனக்கு இருந்திருந்தால் நீ இப்போது வலக்கையால் எழுதிக்கொண்டிருப்பாய்.

மனதுக்குப் பிடித்ததைக் கடையில் வைத்தால் அதில் கை வைக்கிற எவனையும் கொல்லத் தோன்றும். சரக்கென்று நினைத்து வைத்திருந்தால் நான் உன்னை அறைந்திருக்கவும் மாட்டேன். கடை போட்டு நான் படித்த பாடம் இதுதான்.

நான் கேட்ட ஒரு வரி இன்னும் வரவில்லை.

இஸ்ஹாக்

•

ஆலங்குடா
2026.02.16

இஸ்ஹாக்,

தவச்செல்வனை நான் அனுப்பவில்லை. கேள்விப்பட்டதும் அவன் வாடிக்குப் போய் இடக்கையால் அவன் செவிட்டில் அறைந்தேன். ஒரு கையால் அறைகிறவன் நிலையாக நிற்கமாட்டான் என்று அப்போதுதான் தெரிந்தது. அவன் சும்மா தள்ள நான் வலைக்குள் விழுந்தேன். கிடந்தபடியே சொன்னேன், இனிப் பாலாவிக்குப் போனால் உன் பெயரை நானே பொலிசில் கொடுப்பேன் என்று. அதன்பிறகு அவன் எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. நிசாந்தி என்னோடு பேசுவதுமில்லை. பொத்தான் மட்டும் பூட்டிவிடுகிறாள்.

மறுநாள் பாலாவிக்குப் போய் உன் கடைக்குள் கண்ணாடி பொறுக்கினேன். சிபானா அக்கா முதலில் கதவைத் திறக்கவில்லை. பிறகு ஒரு சாக்கைக் கொண்டுவந்து போட்டுவிட்டு நின்று பார்த்தா. "மீனுக்காகவா ரெண்டு பேரும் இப்பிடி மிருகமாப் போயிட்டீங்க?" என்று கேட்டா. நான் அடுத்த துண்டைப் பொறுக்கினேன்.

ஆனால் உனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கடை எப்படி ஓடியது என்று உனக்குத் தெரியுமா? நீ பின்னால் இருந்து குஞ்சு பிரித்துக்கொண்டிருந்தாய். முன்னால் நின்று சனத்தோடு மாரடித்தவன் நான். ஹோட்டல்காரர் பைட்டரைப் பூச்சாடி மாதிரி வெயிலில் வைத்து அவித்துக் கொன்றுவிட்டு, செத்த மீன் தந்தாய் என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். காற்றுக் காலம் முடிந்து கடலில் பட்டம் கட்டிச் சறுக்க வந்த வெள்ளைக்காரர் போனதும் அவர்களும் இல்லை. சும்மா பார்க்க வருகிறவன் ஒவ்வொருத்தனும் ஒரே கேள்விதான் கேட்பான்: "இது சண்டை போடுமா?" இல்லை என்று நூறு தரம் சொன்னேன். நூற்றோராவது தரம் இரண்டைச் சேர்த்து விட்டேன்.

நீ கண்டது ஒரு ஞாயிறு. நடந்தது ஆறு ஞாயிறு. அந்த ஆறு கிழமைதான் கடையில் கால் வைக்க இடமில்லாமல் ஆள் வந்தது. நீ கூட, "பார்த்தியா, மீன்ட அழகு ஆளை இழுக்குது" என்று சொல்லிப் பூரித்தாய். எந்த அழகு இழுத்தது என்று உன்னிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோற்கிற மீனை நான் கையில் எடுத்துப் பார்க்கவும் மாட்டேன். பின்பக்கம் கொண்டுபோய்ப் புதைத்துவிடுவேன். ஒருவனின் ஆசையை விற்கப் புறப்பட்டால் வாங்குகிறவன் தன் ஆசையோடு வருவான். இதையும் உன் பாடத்தோடு சேர்த்துக்கொள்.

நீ அறைந்தது சரி என்று ஒருகணம் நினைத்தேன். ஆனால் நாற்பது பேருக்கு முன்னால் அறைந்தாய். மன்னாரில் இருந்து ஒரு சாக்கோடு வந்த என் அப்பா, குடித்தாலும் என்னில் கை வைத்ததில்லை. ஒரு மீனும் மிஞ்சாது என்று நான் சொன்னது அந்த எரிச்சலில். இனி யார் வந்து வாங்குவார்கள் என்ற கருத்தில் சொன்னது. அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தைச் சிபானா அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன்.

லோறன்ஸ்

•

விளக்கமறியல், புத்தளம்
2026.02.27

லோறன்ஸ்,

இது நோன்பின் ஒன்பதாம் நாள். வசைபாடத் தெம்பில்லை, ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

ஆறு ஞாயிறு என்று வாசித்தபோது எதையாவது உடைக்க வேண்டும் போலிருந்தது. இங்கே உடைக்க ஒன்றும் இல்லாததால் சும்மா இருந்தேன். நீ கண்ணாடி பொறுக்கியதைச் சிபானா சொன்னாள். சாக்கைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் பொறுக்கினாயாம்.

ஆனால் ஒன்றை நீ இன்னும் சொல்லவில்லை. பொலிசுக்கு வரவில்லை என்றாய். எனக்கும் வரவில்லை என்றாய். சிவகுருவுக்கு உன்னைக் கண்டதாகப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. அந்தப் பகல் முழுக்க வாளியோடு என் கடைக்குள் என்ன செய்தாய்? வழக்கு ஏப்ரல் ஏழாம் திகதி. நீ என்ன செய்தாயோ அதை எழுது. உனக்கும் அது தவக்காலம்தானே.

இஸ்ஹாக்

•

ஆலங்குடா
2026.03.15

இஸ்ஹாக் நானா,

இத்தனை நாள் உங்களை நீ என்று எழுதினேன். இதை அப்படி எழுத முடியவில்லை.

நான் வந்தேன். வெள்ளம் வடிந்து மூன்றாம் நாள், நிசாந்திக்கும் சொல்லாமல் பாலாவி பஸ் ஏறினேன். கோபம் இருந்தது. ஆனால் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியது என்று கேள்விப்பட்டதும் வீட்டில் இருக்க முடியவில்லை. நீங்கள் எலுவன்குளம் போயிருந்தீர்கள். பின்பக்கத் தகரத்தின் கொக்கி எனக்குத் தெரியும். உள்ளே போனால் போத்தல் எல்லாம் சேறு. மீன்கள் அடியில் சுருண்டு கிடந்தன.

நீங்கள் எனக்குத் தந்த முதல் பாடம் என்ன? குழாய்த் தண்ணீர் ஆகாது, அதில் மருந்து இருக்கிறது, இரண்டு நாள் வைத்துத்தான் ஊற்ற வேண்டும். நம் கிணற்றுத் தண்ணீர் தாய்ப்பால் மாதிரி, அள்ளி அப்படியே ஊற்றலாம். நான் அப்படியே ஊற்றினேன். மதியம் தொடங்கி அந்தி வரை கிணற்றில் அள்ளி, இருநூறு போத்தலையும் கழுவி, புதிய தண்ணீர் மாற்றினேன். வாடை வந்தது. அந்தக் கிழமை பாலாவி முழுக்க அந்த வாடைதான் அடித்தது. வீடு கழுவுகிறார்கள் என்று நினைத்தேன்.

வெளிக்கிடும்போது மீன்கள் எல்லாம் துள்ளித் துள்ளிப் போத்தல் வாய் வரை பாய்ந்தன. உயிர் வந்துவிட்டது என்று நினைத்து நான் அழுதேன் நானா. அவை வெந்து துடித்திருக்கின்றன.

நான் வைத்தியசாலையால் வந்த பிறகு சிவகுரு ஐயா பார்க்க வந்தார். நான் தண்ணீர் மாற்றிய அன்று காலை உங்கள் ஒழுங்கையில் எல்லாக் கிணற்றுக்கும் சுகாதாரப் பகுதியார் குளோரின் போட்டார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நீங்கள் போன பிறகுதான் உங்கள் கிணற்றுக்கும் போட்டிருப்பார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. எனக்கு அன்றிலிருந்து தெரியும். தெரிந்தும் வரவில்லை என்றே சாதித்தேன். கொன்றவன் என்ற பெயரை விட அடி வாங்கியவன் என்ற பெயர் எனக்கு வசதியாக இருந்தது.

நீங்கள் கேட்ட வரி இதோ. இருநூறு மீனையும் கொன்றது நான்தான். ஏழாம் திகதி நீதவானிடமும் சொல்வேன். மீனைக் கொன்றது நான், கண்டவர் ஆத்திரத்தில் அடித்துவிட்டார், இவருக்குத் தண்டனை வேண்டாம் என்று சொல்வேன். கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். விரல் இருந்த இடம் இன்னும் வலிக்கிறது, வலிக்கும்போதெல்லாம் உங்களை வைகிறேன். ஆனால் நீங்கள் தெரியாமல்தான் அடித்தீர்கள். அதற்காக உங்களை வருடக்கணக்கில் உள்ளே வைக்க என்னால் முடியாது.

லோறன்ஸ்

•

விளக்கமறியல், புத்தளம்
2026.03.29

லோறன்ஸ் தம்பிக்கு,

உன் கடிதம் பெருநாளுக்கு மறுநாள் கிடைத்தது. முதல் தரம் வாசித்தபோது நான் சந்தோஷப்பட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உனக்கு எழுதக் கூடாது என்று சட்டத்தரணி சொன்னார் என்றேன். அவர் சொன்னதில் பாதியை மறைத்துவிட்டேன். மீனைக் கொன்றதை அவனே ஒத்துக்கொண்டால் திடீர் ஆத்திரத்தில் செய்தது என்று வாதாடலாம், தண்டனை வெகுவாகக் குறையும் என்றும் சொன்னார். என்னுடைய மூன்று கடிதமும் அந்தக் காகிதத்துக்குப் போட்ட தூண்டில். சிபானாவின் நெற்றிக்காக வந்த கோபம் மட்டும் உண்மை. கடைசியில் நீ நோன்பையும் தவக்காலத்தையும் நம்பி எழுதிவிட்டாய். இப்போது அது என் கையில் இருக்கிறது.

கிணற்றுக்கு மருந்து போட வந்தவர்கள் நான் போன பிறகு வரவில்லை. ஒழுங்கை முனையில் நின்றவர்களை நான்தான் கூப்பிட்டேன். சாக்கடைக் கான் தண்ணீர் கிணற்றில் கலந்துவிட்டது, இன்னும் ஒரு மடங்கு போடுங்கள் என்று கேட்டுப் போடவைத்தேன். இரண்டு நாளைக்குத் தொடாதீர்கள் என்றார்கள். தலையாட்டிக் கையெழுத்தும் வைத்துவிட்டு, போத்தல்களைத் திரும்பி வந்து பார்க்கலாம் என்று எலுவன்குளம் போனேன். திரும்பி வந்து செத்த மீனைக் கண்டபோது அது என் ஞாபகத்தில் வரவில்லை, அல்லாஹ் அறிய வரவில்லை. சிவகுரு உன் பெயரைச் சொன்னதும் கண் இருண்டுவிட்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அத்தோடு முடிந்திருந்தால் நீ எழுதியதை வாங்கி வைத்துக்கொண்டு நானும் தலை நிமிர்ந்திருப்பேன்.

ஆலங்குடாக் கரையில் நீ எஞ்சினுக்குக் குனிந்திருந்தாய். பின்னால் வந்து தலையில் அடித்தேன். நீ மணலில் விழுந்து திரும்பினாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்கு ஞாபகம் இல்லை. உன் கடிதங்களில் அது எங்கேயாவது வருமா என்று ஒவ்வொரு தரமும் பயந்து பயந்து தேடினேன், வரவில்லை. வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் தூரத்தில் நின்றார்கள். அவர்கள் அடியைக் கண்டார்கள், பேச்சைக் கேட்கவில்லை.

நீ பேசினாய் தம்பி. வாயில் இரத்தத்தோடு, "நானா, கிணத்துத் தண்ணிதான் ஊத்தினனான்" என்றாய். இரண்டு தரம் சொன்னாய்.

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. கொன்றது என் கிணறு. நான் கேட்டுப் போடவைத்த மருந்து. நீ என் மீனைக் காப்பாற்றப் போயிருக்கிறாய். குழாய் என் கையில் இருந்தது. நீ வலக்கையை நீட்டி நான் உடுத்திருந்த சாரனைப் பிடித்தாய், எழும்பத்தான் பிடித்திருப்பாய். வெட்கம் வந்தால் மனிதன் அழுவான் என்பார்கள். எனக்கு அது கையில் இறங்கியது. நீ எழும்பினால் இதை ஊருக்கே சொல்வாய் என்று தோன்றியது. அந்தக் கையைப் பார்த்து, குறி வைத்து, இரண்டாவது தரம் அடித்தேன்.

உன் விரல் போனது அந்த அடியில்.

ஆகவே எனக்காக நீதவானிடம் ஒன்றும் சொல்லாதே. நான் தெரியாமல் அடித்தேன் என்று நீ சொன்னால் அது உன் வாயால் வரும் பொய்யாகிவிடும். நீ எழுதியதை இதோடு திருப்பி அனுப்புகிறேன். சட்டத்தரணிக்குக் காட்டவில்லை. சிபானாவிடம் நேற்றுக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன். அவள் திரும்பிப் போய்விட்டாள். அடுத்த கிழமை வருவாளோ தெரியாது.

தலையில் அடித்ததற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கையில் அடித்ததற்குக் கேட்கமாட்டேன். கேட்டால் நீ தந்துவிடுவாய்.

இந்தக் கடிதத்தை யாரிடமும் ஒளித்துக் கொடுக்கவில்லை. உறையை ஒட்டாமல் அலுவலகத்தில் கொடுக்கிறேன். தமிழ் தெரிந்த ஐயா ஒருவர் இருக்கிறார், வாசித்துவிட்டுத்தான் அனுப்புவார். வாசிக்கட்டும்.

இஸ்ஹாக்